எல்லையில் ஒருமுறை: வகைகளால் காக்கப்படும் சர்வர் லைப்ரரிகள்

சர்வர் என்னும் நிரலின் வாசலுக்கு வெளியிலிருந்து வந்து சேர்வது பைட்டுகளின் வரிசை ஒன்றுதான். அனுப்பியது யார், அதிலுள்ள எண் விலையா எடையா, எழுத்துகள் எந்த மொழிக்குரியவை என்று எதுவும் அதன் மேல் எழுதி ஒட்டப்பட்டிருப்பதில்லை. வந்த பைட்டுகளைப் பொருளுள்ள தரவாக மாற்றுவது, மாற்ற இயலாதவற்றைக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவது, மாற்றியதைக் கலப்படம் நேராமல் உள்ளிருக்கும் நிரல்களிடம் சேர்ப்பது ஆகிய மூன்றும் சர்வரின் அடிப்படை வேலைகள். இவற்றில் நேரக்கூடிய தவறுகளில் பெரும்பகுதியை, நிரல் ஓடத் தொடங்கும் முன்பே கம்பைலர் கண்டுபிடிக்கும்படி அமைக்கப்பட்டவையே வகைப் பாதுகாப்புள்ள சர்வர் லைப்ரரிகள். 'வகை' என்பது ஒரு மதிப்பு என்ன பொருளுடையது, அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதைக் குறிக்கும் முத்திரை.

இதற்கு ஓர் உவமை: ஜிஎஸ்டி வந்த 2017 வரை தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள வாளையாற்றுச் சோதனைச்சாவடியில் லாரிகள் நின்ற வரிசை பாலக்காட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அங்கே சரக்கும் சீட்டும் ஒத்துப் பார்க்கப்பட்டன. அந்தச் சோதனையின் பயன் உள்ளே வந்த பின்னும் நிலைக்க வேண்டுமானால், சோதித்ததற்கு அடையாளமாக ஒரு முத்திரை சரக்கோடு கூடவே வர வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் கஞ்சிக்கோட்டில் ஒருமுறை, ஒலவக்கோட்டில் ஒருமுறை, ஒற்றப்பாலத்தில் ஒருமுறை என மறுபடியும் பிரித்துப் பார்க்க நேரும். அல்லது முன்னால் யாரோ பார்த்திருப்பார்கள் என்று நம்பி விட்டுவிட நேரும். சாதாரண முறையில் எழுதப்படும் சர்வர்களில் இந்த இரண்டுமே நடக்கின்றன. ஓர் எழுத்துச் சரத்தைத் தொலைபேசி எண்தானா என்று சோதித்துவிட்டு 'ஆம்' என்ற விடையை மட்டும் பெற்றால், சரம் பழையபடி வெறும் சரமாகவே உள்ளே போகிறது. சோதித்த செய்தி அங்கேயே தொலைந்துவிடுகிறது. அதற்கு மாறாக, சோதனை வெற்றி பெற்றால் 'தொலைபேசி எண்' என்ற புதிய வகையில் ஒரு மதிப்பு கிடைக்கும், தோற்றால் எதுவும் கிடைக்காது என்று வைத்துக்கொண்டால், சோதனையின் முடிவு மதிப்போடு ஒட்டிக்கொள்கிறது. ஹாஸ்கெல் மொழி நிரலர் அலெக்சிஸ் கிங் 2019-இல் எழுதிப் பரவலாகப் படிக்கப்பட்ட கட்டுரையின் சாரம் இதுவே. சர்வர் லைப்ரரிகளின் வகைப் பாதுகாப்பு பற்றிய மற்ற எல்லாமே இந்த ஒரு கருத்தின் விரிவு என்று கொள்ளலாம்.

வகைகளைக் கம்பைலரே ஊகித்துச் சரிபார்க்கும் முறைக்கு உறுதியான அடித்தளம் இட்டவர் எடின்பரோவில் பணியாற்றிய ராபின் மில்னர். எம்எல் மொழிக்காக அவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வு, வகைச் சோதனையில் தேறிய நிரல் ஓடும்போது வகைப் பிழையில் சிக்காது என்பதைக் கணித முறையில் நிறுவியது. 1987-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கூடிய ஆய்வாளர்கள், சிதறிக் கிடந்த சார்பு நிரலாக்க மொழிகளுக்குப் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதன் விளைவாக ஹாஸ்கெலின் முதல் அறிக்கை 1990-இல் வந்தது. அந்தக் குழுவில் இந்தியர் இருவர் இருந்தனர்: எம்ஐடியின் அர்விந்த், ரிஷியூர் நிகில். இருவரும் பின்னர் புளூஸ்பெக் என்ற வன்பொருள் வடிவமைப்பு மொழியோடு தொடர்புடையவர்களாயினர். ஹாஸ்கெலின் வகை அமைப்பிலிருந்து கிளைத்த மொழி அது. சென்னை ஐஐடியின் சக்தி நுண்செயலிகள் அந்த மொழியில்தான் எழுதப்பட்டன.

சார்பு நிரலாக்கத்தில் சார்பு என்பது கணிதத்தில் உள்ளதைப் போன்றது: அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே வெளியீடு. கோப்பைப் படிப்பது, வலையில் அனுப்புவது, கடிகாரம் பார்ப்பது போன்ற வெளியுலகச் செயல்களைச் செய்யும் நிரல்களுக்கு ஹாஸ்கெல் தனி வகை தருகிறது. ஆகவே ஒரு சார்பின் வகையைப் படித்த மாத்திரத்தில், அது கணக்கு மட்டும் போடுகிறதா, வெளியுலகைத் தொடுகிறதா என்று சொல்லிவிடலாம். ஒரே நேரத்தில் ஆயிரம் கோரிக்கைகளைக் கையாளும் சர்வருக்கு இந்த வேறுபாடு மிகவும் தேவை. கணக்கு மட்டும் போடும் பகுதியை எத்தனை கோரிக்கைகள் ஒன்றாக அழைத்தாலும் ஒன்றின் வேலை மற்றொன்றைக் கெடுக்காது.

முத்திரையின் தேவை எங்கே மிகக் கூர்மையாகத் தெரிகிறது என்பதற்குப் பாலக்காட்டு எல்லையில் உள்ள ஓர் ஊரின் பெயரே போதும். கொல்லங்கோடு என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது ஆறு எழுத்துகள். யூனிகோடில் அது 11 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு வீதம் 33 பைட்டுகள். ஆனால் 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். 'கோ'வுக்கும் அப்படியே. எனவே திரையில் சிறிதும் வேறுபாடின்றித் தோன்றும் அந்த ஒரே பெயர் நான்கு விதமான பைட்டு வரிசைகளாகச் சர்வருக்கு வரக்கூடும். அவற்றில் மிக நீளமானது 39 பைட்டுகள். மலையாளத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. சித்தூர், மூணாறு ஆகிய இரு ஊர்களின் மலையாளப் பெயர்களும் 'ர்' என்னும் சில்லெழுத்தில் (உயிரேறாத மெய்யின் தனி வடிவம்) முடிகின்றன. 2008-இல் வந்த யூனிகோட் 5.1 சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறிகள் தந்தது; அதற்கு முன் மெய்யெழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினார்கள். தமிழ் ஒகரத்தின் இரு வடிவங்களையும் யூனிகோட் தரமே சமம் என்று அறிவித்திருக்கிறது; ஆகவே பொதுவான சீராக்க முறை அவற்றை ஒன்றாக்கிவிடும். சில்லெழுத்தின் பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் அத்தகைய சமன்பாடு இல்லை. அதற்குத் தனி விதி எழுதியாக வேண்டும்.

தமிழும் மலையாளமும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டாரங்களின் பெயர்களைக் கையாளும் எந்தச் சர்வரும் இதைச் சந்திக்காமல் தப்ப முடியாது. ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பதிவாவார், தேடினால் கிடைக்கமாட்டார். வகை முறையில் இதற்கான தீர்வு மூன்று படிகளாக அமைகிறது. வலையில் வந்தது 'பைட்டுவரிசை' என்ற வகை. எழுத்து முறை சரியென்று தெரிந்தபின் அது 'உரை' என்ற வகை. சீராக்கப்பட்ட பின் 'சீர்பெயர்' என்ற வகை. ஒப்பிடுவதும் தேடுவதும் சீர்பெயருக்கு மட்டுமே உண்டு என்று வைத்துவிட்டால், சீராக்க மறந்த நிரலைக் கம்பைலர் ஏற்காது. சீர்பெயரை உண்டாக்கும் வழி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்; அதை உண்டாக்கும் உள் உறுப்பை அந்த வகையை வரையறுக்கும் மாட்யூல் வெளியே தராமல் மறைத்து வைக்க வேண்டும். இந்த மறைப்பு இல்லாவிட்டால் மற்ற ஏற்பாடுகளால் பயனில்லை. யார் வேண்டுமானாலும் முத்திரை குத்தலாம் என்றாகிவிடும்.

அடுத்த எடுத்துக்காட்டுக்கு இடுக்கி எல்லையின் ஏலக்காய் வணிகம் பொருந்தும். ஸ்பைசஸ் போர்டின் மின்-ஏலம் மலைக்கு இந்தப் பக்கம் புற்றடியிலும் அந்தப் பக்கம் போடிநாயக்கனூரிலும் நடைபெறுகிறது. அத்தகைய ஏலத்துக்குப் புதிதாக ஒரு சர்வர் எழுதப்படுவதாக வைத்துக்கொண்டால், அதில் புழங்கும் எண்கள் இவை: லாட் எண், மூட்டைகளின் எண்ணிக்கை, எடை, கிலோவுக்குக் கேட்ட விலை, மொத்தத் தொகை. கணினிக்கு எல்லாமே வெறும் எண்கள். லாட் எண் 120-ஐ விலையின் இடத்தில் வைத்தாலும் வெறும் எண்களை மட்டும் அறிந்த நிரல் தடுக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி வகை தந்தால், எடையையும் விலையையும் பெருக்கித் தொகை பெறலாம். எடையோடு விலையைக் கூட்ட முடியாது. ஹாஸ்கெலில் இப்படி ஓர் எண்ணைப் புதிய வகையாக உறையிடுவதற்கு ஓடும் நேரத்தில் எந்தச் செலவும் இல்லை; கம்பைலர் சோதித்து முடித்ததும் உறை மறைந்து வெறும் எண்ணே மிஞ்சும். தொகையைத் தசமப் பின்னமாக வைக்காமல் பைசாக்களின் முழு எண்ணாக வைப்பதையும் அதே வகைக்குள் கட்டாயமாக்கிவிடலாம். வகைகளுக்குத் தமிழிலேயே பெயரிட விரும்புவோருக்கு ஒரு தடை உண்டு: ஹாஸ்கெலில் வகைப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், தமிழ் எழுத்துகளில் பெரியது சிறியது என்ற பிரிவே இல்லை. ஆகவே தமிழ் எழுத்தில் தொடங்கும் வகைப் பெயரைக் கம்பைலர் ஏற்காது.

லாட் கடந்து செல்லும் நிலைகளையும் வகையாக்கலாம். பதிவானது, ஏலத்தில் இருப்பது, விற்றது என மூன்று நிலைகள். விலை கேட்கும் சார்பு 'ஏலத்தில் இருக்கும் லாட்' என்ற வகையை மட்டுமே ஏற்கும். விற்றுப்போன லாட்டுக்கு விலை கேட்கும் நிரலை எழுதவே முடியாது. ஒரே நொடியில் இரண்டு வியாபாரிகள் ஒரே லாட்டுக்கு விலை கேட்டால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. இதற்கு ஹாஸ்கெலில் நினைவகப் பரிவர்த்தனை என்ற முறை உண்டு. டிம் ஹாரிஸ், சைமன் மார்லோ, சைமன் பெய்டன் ஜோன்ஸ், மாரிஸ் ஹெர்லிஹி ஆகியோரின் 2005 ஆய்வில் பிறந்தது. இருப்பதிலேயே உயர்ந்த விலையைப் படிப்பது, ஒப்பிடுவது, மாற்றுவது ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் நடக்கும். இடையில் வேறொருவர் மாற்றிவிட்டால் முழுவதும் கலைந்து மறுபடி தொடங்கும். மறுபடி தொடங்கக்கூடிய ஒன்றின் நடுவில் வியாபாரிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது இரண்டு முறை போய்விடும். பரிவர்த்தனைக்குள் வெளியுலகச் செயல்கள் நுழையாதபடி வகையே தடுக்கிறது. சார்பு நிரலாக்கத்தின் தூய்மை என்ற கொள்கை நடைமுறைப் பயனாக மாறும் இடங்களில் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

ஹாஸ்கெலின் சர்வர் லைப்ரரிகளில் கீழ்த்தளம் வாய் என்ற பொது இடைமுகமும் வார்ப் என்ற சர்வரும். வார்ப்பை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர்கள் மைக்கேல் ஸ்னாய்மனும் ஜப்பானின் கசு யமமோட்டோவும். அதற்கு மேல் ஸ்னாய்மன் கட்டிய யெசோட், தளத்தின் முகவரிகளை வகையாக்கியது. முகவரிப் பட்டியலை ஒரே இடத்தில் எழுதினால், அதிலிருந்து வகைகள் உருவாகின்றன. பக்கம் ஒன்றை நீக்கிவிட்டு, அதற்கான இணைப்பை வேறெங்கோ மறந்து விட்டிருந்தால், தளம் கம்பைல் ஆகாது. பயனர் எழுதிய உரையும் பக்கத்தின் குறிமொழியும் அங்கே இருவேறு வகைகள். ஒன்றை மற்றொன்றில் வைக்கும்போது ஆபத்தான குறிகள் தாமாகவே செயலிழக்கச் செய்யப்படுகின்றன.

சர்வன்ட் என்ற லைப்ரரி இன்னும் ஒரு படி மேலே போனது. அல்ப் மெஸ்தனோகுல்லாரி, சோன்கே ஹான், ஜூலியன் ஆர்னி, ஆந்த்ரேஸ் லோ ஆகியோர் 2015-இல் வான்கூவரில் நடந்த ஒரு பட்டறையில் இதன் கோட்பாட்டை வெளியிட்டனர். சர்வரின் இடைமுகம் முழுவதையும் ஒரே வகையாக எழுதுவது இதன் வழி. ஏலத்தை வைத்துச் சொன்னால், முகவரியில் முதலில் 'லாட்' என்ற நிலைச்சொல், அடுத்து லாட் எண் வகையில் ஒரு பகுதி, அடுத்து 'விலை' என்ற நிலைச்சொல், கோரிக்கையின் உடலில் 'கேட்ட விலை' வகையில் ஒரு தரவு, விடையாக 'ஏல நிலை' வகையில் ஒரு தரவு என்று இவை அனைத்தும் ஒரு குறியால் கோக்கப்பட்டு ஒரு நீண்ட வகையாகின்றன. இது நிரல் அல்ல, நிரலின் வடிவம். இந்த வடிவத்தைப் படித்துக் கம்பைலர் மூன்று வேலைகளைச் செய்து தருகிறது. சர்வர் பக்கத்தில் எந்தச் சார்பு எந்த வகையில் இருக்க வேண்டும் என்று கணித்து, அது பொருந்தாவிட்டால் மறுக்கிறது. அந்தச் சர்வரை அழைக்கும் கிளையன்ட் சார்புகளை எழுதாமலே உண்டாக்குகிறது. இடைமுகத்தின் விளக்க ஆவணத்தையும் அதே வகையிலிருந்து எடுக்கிறது. மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வருவதால் ஆவணம் ஒன்று சொல்ல, சர்வர் வேறொன்று செய்யும் நிலை வராது. முகவரியில் உள்ள நிலைச்சொல்லையே வகை மட்டத்துக்கு உயர்த்தும் வசதி 2012-ஐ ஒட்டி ஹாஸ்கெலின் ஜிஎச்சி கம்பைலரில் வந்தது. அது வராதிருந்தால் சர்வன்ட் பிறந்திருக்காது. புதிய கோவைக் குறி ஒன்றையோ, இடைமுகத்தைப் படிக்கும் புதிய முறை ஒன்றையோ, மூல லைப்ரரியைத் தொடாமல் வெளியிலிருந்தே சேர்க்கலாம் என்பது இந்த அமைப்பின் தனிச்சிறப்பு.

இந்த முறை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. 2022 நவம்பரில் பெங்களூரில் தொடங்கிய நம்ம யாத்ரி, கொச்சியின் யாத்ரி ஆகிய ஆட்டோ, டாக்சிச் செயலிகளை உருவாக்கிய ஜஸ்பே நிறுவனம், நம்ம யாத்ரியின் நிரலைப் பொதுவில் வைத்தது. அதன் சர்வர் பகுதி ஹாஸ்கெலில், சர்வன்ட்டைக் கொண்டு எழுதப்பட்டது. அது பின்பற்றும் பெக்கன் நெறிமுறையில் ஒரு கேள்விக்கு விடை உடனே வருவதில்லை. 'பெற்றுக்கொண்டேன்' என்ற ஒப்புகை மட்டும் முதலில் வரும், உண்மையான விடை தனி அழைப்பாகப் பின்னால் வரும். வேறு நிறுவனத்தின் சர்வரோடு இப்படிப் பேசும்போது தேடல், தேர்வு, உறுதி என ஒவ்வொரு செய்தியின் வடிவும் வகையாக எழுதப்பட்டிருப்பது பெரும் துணை.

சர்வருக்கு அடியில் இருக்கும் மறைகுறியீட்டு லைப்ரரிகளில் வகைகளின் பங்கைக் காட்ட, வாளையாற்றுக்கும் பாலக்காட்டு நகரத்துக்கும் இடையே கஞ்சிக்கோட்டில் வளாகம் கொண்ட பாலக்காடு ஐஐடி வழியாகச் செல்வது பொருத்தம். 2015-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் கணினியியல் பேராசிரியராக இருப்பவர் பியூஷ் குறூர். அவர் முன்பு கான்பூர் ஐஐடியில் இருந்தபோது ராஸ் என்ற ஹாஸ்கெல் மறைகுறியீட்டு லைப்ரரியை உருவாக்கத் தொடங்கினார்; இந்தியில் ராஸ் என்றால் ரகசியம். அந்த அனுபவத்திலிருந்து அவரும் சாத்விக் சௌஹான், பிரெண்ட் யோர்கி ஆகியோரும் எழுதிய ஆய்வு 2016-இல் ஜப்பானின் நாரா நகரில் நடந்த ஹாஸ்கெல் கருத்தரங்கில் வெளிவந்தது.

அந்த ஆய்வின் பொருளை உணர, 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழையை நினைவுகூர வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியீட்டு லைப்ரரியில், எதிர்முனை அனுப்பிய செய்தியின் நீளம் இவ்வளவு என்று எதிர்முனையே சொல்லும். சர்வர் அதைச் சோதிக்காமல் நம்பி, அந்த நீளத்துக்கு நினைவகத்தைப் படியெடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டது. ஒரே எழுத்தை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்று பொய் சொன்னால், சர்வரின் நினைவகத்தில் அருகில் கிடந்த சாவிகளும் கடவுச்சொற்களும் வெளியே போயின. நீளத்தைக் கையால் கணக்கிடும் ஒவ்வோர் இடமும் இப்படி ஒரு வாசல். குறூரும் மற்றவர்களும் சொன்ன வழி, நீளக் கணக்கை நிரலரின் கையிலிருந்தே எடுத்துவிடுவது. ஒரு தரவைப் படிக்கும் சிறு நிரல் ஒவ்வொன்றும் தான் எத்தனை பைட்டு படிக்கும் என்ற எண்ணையும் கூடவே சுமக்கிறது. இரண்டு சிறு நிரல்களைக் கோத்தால் நீளங்கள் கூடுகின்றன. இரண்டாவது எங்கிருந்து படிக்க வேண்டும் என்ற இடமும் தானே நகர்கிறது. மோனாய்டு என்ற இயற்கணித அமைப்பின் ஒரு விரிவாக்கமாக இந்தக் கோப்பு முறையை அவர்கள் வரையறுத்தார்கள். ஆபத்தான சுட்டிக் கணக்கு முழுவதும் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தச் சில வரிகளைக் கவனமாகச் சோதித்தால் போதும். படிப்பதற்கு மட்டுமல்ல, எழுதுவதற்கும் நினைவகம் ஒதுக்குவதற்கும் அதே அமைப்பு உதவுகிறது என்பது இதன் அழகு.

ராஸில் வேறு முத்திரைகளும் உண்டு. நீளத்தைப் பைட்டில் சொல்வதும் பிட்டில் சொல்வதும் தனித்தனி வகைகள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. ஓர் எண்ணின் பைட்டுகளைப் பெரிய முனையிலிருந்து அடுக்குவதா சிறிய முனையிலிருந்து அடுக்குவதா என்பதும் வகையிலேயே பதிந்திருக்கிறது. ரகசிய மதிப்புகளை ஒப்பிடும்போது முதல் வேறுபாட்டிலேயே நிறுத்திவிட்டால், எடுத்த நேரத்தை அளந்து எதிரி எழுத்து எழுத்தாக ஊகித்துவிடலாம். ராஸ் அத்தகைய மதிப்புகளுக்குத் தரும் சமன்பாட்டுச் சோதனை எப்போதும் முழுவதையும் பார்த்தே விடை சொல்கிறது. 

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே, சென்னை ஐஐடியில் வேறொரு கிளை வளர்ந்தது. ஓகேமல் மொழி எம்எல் மரபில் வந்தது. பல நுண்செயலிக் கருக்களை ஒருசேரப் பயன்படுத்தும் ஆற்றல் அதற்கு நெடுங்காலம் இல்லாதிருந்தது. கே.சி. சிவராமகிருஷ்ணன் முன்னின்ற பல்லாண்டு முயற்சியின் பலனாக 2022 டிசம்பரில் வெளியான ஓகேமல் 5.0 அந்த ஆற்றலையும், விளைவுக் கையாளிகள் என்ற வசதியையும் பெற்றது. காத்திருக்க நேரும் ஒவ்வொரு சார்பையும் தனி வகையில் சுற்றி எழுத வேண்டிய பழைய கட்டாயம் இதனால் நீங்கியது. சர்வர் நிரலை நேர்வரிசையில் எழுதலாம். ஆனால் அந்த விளைவுகள் இன்னும் சார்பின் வகையில் தெரிவதில்லை. ஹாஸ்கெல் தரும் தெளிவுக்கும் ஓகேமல் தரும் எளிமைக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கல் இன்னும் முடிவாகாத ஆய்வுப் பொருள்.

வகைப் பாதுகாப்புக்கு விலை உண்டு. சர்வன்ட் போன்ற லைப்ரரியில் ஒரு சிறு பொருத்தமின்மைக்குக் கம்பைலர் பக்கம் பக்கமாகப் பிழைச்செய்தி தரக்கூடும். லைப்ரரி எழுதியவரே செய்தியை எழுதித் தரும் வசதி 2016-இல் ஜிஎச்சி 8.0-இல் வந்தபின் நிலைமை ஓரளவு மேம்பட்டது. இடைமுகம் பெரிதாகப் பெரிதாகக் கம்பைல் ஆகும் நேரமும் நீள்கிறது. புதிதாகச் சேரும் நிரலர் பழகப் பல வாரங்கள் ஆகும். எல்லாவற்றையும் வகையில் எழுத முயல்வது தவறு. பொருள் மாறினால் பணமோ பாதுகாப்போ ஆளின் அடையாளமோ கெடும் இடங்களில் எழுதினால் போதும்.

எல்லைக்கு வெளியே வகைகள் செல்லாது என்பதும் அடிப்படையான வரம்பு. கிளையன்ட்டும் சர்வரும் ஒரே வகையிலிருந்து பிறந்திருந்தாலும், இரண்டும் ஒரே நாளில் புதுப்பிக்கப்படுவதில்லை. பீர்மேட்டு எஸ்டேட் லயத்தில் ஒரு தொழிலாளியின் கைபேசியில் இருப்பது சென்ற ஆண்டின் செயலியாக இருக்கலாம். அது அனுப்பும் தரவில் இந்த ஆண்டு சேர்த்த புலம் இராது. ஆகவே புதிய புலத்தை 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்ற வகையிலேயே சேர்க்க வேண்டும். பழைய முகவரியின் பொருளை மாற்றாமல், புதிய பதிப்புக்குப் பக்கத்திலேயே வேறொரு முகவரி திறக்க வேண்டும். பழைய செயலியிலிருந்து கோரிக்கைகள் வருவது நின்றபின்தான் பழைய முகவரியை இடைமுக வகையிலிருந்து நீக்கலாம். அப்படி நீக்கும்போது, அதைச் சார்ந்து உள்ளே இன்னும் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு வரியையும் கம்பைலர் சுட்டிக்காட்டும்.